ஃபேன் கேட்டவனுக்கு ஊசி

செருப்புப் பட்டறையில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போது பார்த்தாலும் தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பதால் கட்டுத்தலையன். அடி ஒட்டுகிற வேலை. நாள் முழுக்கப் பசை டப்பாவின் முன்னால் குனிந்து கிடக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் தூசி விழும், தூசி விழுந்தால் பசை பிடிக்காது என்று ஜன்னல்களுக்கு ஆணி அடித்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் தலை விண் விண் என்று தெறிக்கும். பக்கத்து மேசையில் அதே பசையைப் பூசும் மனைவிக்கும் அதே பாடுதான். ஒரு வீட்டில் இரண்டு பேரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுப்பு எரியாது என்று அவள் வாயைத் திறப்பதில்லை.

பசை நெடியை வெளியே தள்ள ஒரு ஃபேன் வையுங்கள் என்று எல்லோரும் சேர்ந்து கேட்கப் போனார்கள். முன்னால் நின்று பேசியவன் இவன். முதலாளி அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பிக் கெட்டவர்கள் அங்கே நிறையப் பேர்.

"தலைவலிதானேப்பா? எனக்கே அக்குபஞ்சர்லதான் சரியாச்சு. வாராவாரம் போ, செலவு என்னோடது."

பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில் இருந்தது அந்த அக்குபஞ்சர் வைத்தியரின் அறை. முடி போன்ற ஊசிகளைப் புருவத்துக்கு நடுவிலும் கையிலும் பாதத்திலும் செருகிவிட்டு, அசையாமல் படுக்கச் சொன்னார். அப்படியே தூங்கிப்போனான். கண் விழித்தபோது தலை இருக்கிற இடமே தெரியவில்லை. வருஷக்கணக்காக மறந்துபோன சுகம் அது, அழுதுவிட்டான்.

"ஃபேனுக்குச் சுவத்துல ஓட்டை போடச் சொன்னோம். மனுஷன் உன் தலையில போட்டுட்டாரு" என்றான் தோல் வெட்டுகிறவன். பட்டறையே சிரித்தது. இவனுக்கு மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோரையும் கூட்டிவைத்து முதலாளி பேசிய நாளில், இவனை எழுந்து நின்று சொல்லச் சொன்னபோது, துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "முதலாளி புண்ணியத்துல தலைவலியே போயிருச்சுங்க" என்றான். அத்தோடு ஃபேன் பேச்சும் போயிற்று.

பிறகு ஒருநாள் வைத்தியர் வரத் தாமதமானது. காத்திருந்தவன் கட்டிலில் சாய்ந்தான். திறந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டே இருந்தது. வைத்தியர் வருவதற்குள் வலி இறங்கிவிட்டது.

"ஊசியே போடலையே டாக்டர், எப்படி?"

"ஊசி உதவுற தலைவலி இருக்குப்பா. உனக்கு வேண்டியது காத்து. உங்க முதலாளிகிட்ட அப்பவே சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஊசியையே தொடரச் சொன்னாரு."

இறங்கி ஓடினான். பட்டறை வாசலில் மனைவி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். முதலாளி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"இது ஊசியில தீர்ற வலி இல்லீங்க. ஃபேன் வைங்க!"

"நீதானேப்பா எல்லார் முன்னாடியும் சொன்னே, சரியாப் போச்சுன்னு?" முதலாளி சிரித்தார். "சரி விடு. நாளையிலேர்ந்து உன் சம்சாரத்தையும் ஊசிக்கு அனுப்பு."

கூடி நின்றவர்கள் இவன் வாயையே பார்த்தார்கள். மனைவியின் வெளிறிய முகத்தைப் பார்த்தான். அந்த மாடியில் வாரத்துக்கு அரை மணி நேரக் காற்றாவது இவளுக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தான்.

"சரிங்க" என்றான்.