தெற்குக் கரைச் செபஸ்தியம்மாள்

கும்பகோணத்தில் வீடு எங்கே என்று யார் கேட்டாலும் செபஸ்தியம்மாள், "மகாமகக் குளத்துத் தெற்குக் கரை" என்பாள். எங்கள் சந்து கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நான் பக்கத்து வீட்டுக்காரி, சும்மா விடுவேனா? சந்து மழையில் நகர்ந்துபோய்விட்டதா என்று கேலி செய்வேன். "சாயங்காலம் காத்து வருதுல்ல ஹலீமாக்கா, அப்ப கரைதான்" என்பாள்.

ஆஸ்பத்திரியில் ஆயா வேலை அவளுக்கு. வேலை முடிந்ததும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, காப்பிப்பொடி வாங்கிக்கொண்டு ராணி மாதிரி நடந்து வருவாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அவள் அப்பா அருள்சாமி குத்தாலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தார். பண்ணை வேலையில் முதுகு வளைந்தவர், கூலிச் சண்டையில் கொடி பிடித்து அடி வாங்கியவர். மிராசுதார் மனையில் இருந்த குடிசைக்கு இப்போது புதுச் சட்டப்படி அவர் பேரிலேயே பட்டா. அதை மடியிலிருந்து எடுத்து எடுத்துக் காட்டினார். சொந்த மனை இருக்க வாடகை வீடு எதற்கு, வேலையை விட்டுவிட்டு என்னோடு வா என்று ஒரே பிடியாக நின்றார். பெற்றவர் பேச்சைத் தட்டவும் முடியாமல், இந்த ஊரை விடவும் மனசில்லாமல் அவள் அன்று சோறே தொடவில்லை. எனக்குக் கிழவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலை குளிக்கப் போனவரை வெகுநேரமாகக் காணோம். பதறிப்போய் இருவரும் ஓடினோம். நாலு கரையும் சுற்றிவிட்டு, நனையாத துண்டோடு வடக்குக் கரையில் நின்றிருந்தார்.

"ஏம்ப்பா குளிக்கல?"

"நம்ம படி எதுன்னு தெரியலம்மா. யாரையும் கேக்கவும் கூச்சமா இருந்துச்சு."

அவர்கள் ஊர்க் குளத்தில், மாடு குளிப்பாட்டும் மூலைதான் அவர்கள் சாதிக்கு என்று விட்டது. அவள் அழவில்லை. அவர் கையைப் பிடித்து எதிரே இருந்த படியிலேயே இறக்கினாள்.

"எல்லாமே நம்ம படிதாம்ப்பா. நான் தெனம் ஒரு படியில எறங்குவேன்."

குளித்துக்கொண்டிருந்த ஒருவர், பாசி வழுக்கும், பார்த்து இறங்குங்கள் என்று சொல்லி நகர்ந்து இடம் விட்டார். அருள்சாமி முங்கினார், எழுந்தார், மறுபடி முங்கினார். வெகுநேரம் கரையேறவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நீ இங்கயே இரும்மா. நான் போறேன். நம்மூர்க் குளத்துல மொதப் படியில எறங்கணும்."