ஈசானி மூலை மரத்தின் முதல் வெட்டு

நாற்றுப்பண்ணை விதி தெளிவாகவே இருக்கிறது. தாய்மரத்தின் இலை மாதிரி ஆய்வகத்துக்குப் போனால் ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். பதில் வரும்வரை, அந்த மரத்தின் மொட்டில் வளர்ந்த ஒரு கன்றுகூடப் பண்ணையின் கேட்டைத் தாண்டக் கூடாது. இதில் இரண்டாவது வாக்கியத்தை நிறைவேற்றத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. முதல் வாக்கியத்துக்கு யார் சம்பளம் வாங்கினார்கள் என்பது ஓய்வு பெற்ற பிறகும் எனக்குத் தெரியவில்லை.

நான் இப்போது திருப்பதியில் இருக்கிறேன். என் தங்கை புத்தூருக்குப் பக்கத்தில் சாத்துக்குடி ஒட்டுக்கன்று வளர்த்து விற்கிறாள். வலைக்கூடத்துக்குள் ஐந்து தாய்மரங்கள். அவற்றிலிருந்து மொட்டு எடுத்து, எலுமிச்சை வேர்ச்செடியில் கட்டி, கறுப்புப் பையில் வளர்த்துக் கொடுப்பது அவள் தொழில். மொட்டுக் கட்டுவதும் அவளேதான். வேறு ஆள் கத்தியைத் தொட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. மச்சான் டெம்போ ஓட்டுகிறார். கன்று ஏற்றுவது தவிரப் பண்ணையில் அவருக்கு அதிகாரம் எதுவும் இல்லை. உறவுக்காரர் பண்ணையை நான் ஆய்வு செய்யக் கூடாது என்பதால் பணியில் இருந்தபோது அங்கே சாப்பிட மட்டும் போவேன். ஓய்வுக்குப் பிறகு அந்தத் தடை நீங்கிவிட்டது. ரேணிகுண்டாவில் ரயில் ஏறி வாரம் ஒரு முறை போய்க் குறை சொல்லிவிட்டு வருவேன்.

அப்படிப் போயிருந்த ஒரு சித்திரை வெயிலில்தான் சத்தியவேடு பக்கத்து விவசாயி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மூன்று வருடம் முன்பு அவளிடம் கன்று வாங்கித் தோட்டம் போட்டவர். துண்டை அவிழ்த்து ஒரு மரப்பட்டையை எடுத்து வைத்தார்.

"அக்கா, இது இன்னான்னு சொல்லு. மேல நல்லாத்தான் கீது. கால்ல மட்டும் சட்டை உரிக்குது."

"தண்ணிய ரொம்ப வுட்டுக்கினு இருப்பே," என்றாள் தங்கை.

"தண்ணி இருந்தா நான் ஏன் சாத்துக்குடி வெக்கிறேன்? நெல்லு வெச்சிக்கினு காலை நீட்டிப் படுத்திருப்பேன்."

"எத்தினி மரம்?"

"பாதிக்கு மேல. எல்லாம் என் இடுப்புக்கு மேல வளர மாட்டேன்னு நிக்குது. எம் பொண்டாட்டி இன்னா சொல்றா தெரியுமா? உன்னை மாதிரியே குள்ளமா போச்சுங்கிறா."

தங்கை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பட்டையை வாங்கிப் பார்த்தேன். ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடிப் பகுதியில் மட்டும் வெடித்துச் செதில் செதிலாகக் கழன்றிருந்தது. இதைச் செய்வது வைரஸைவிடச் சிறிய ஒரு கிருமி. பூச்சியால் பரவாது, காற்றால் பரவாது, கத்தியால் பரவும். நோய் பிடித்த மரத்தை வெட்டிய கத்தி காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் அதை வைத்திருக்கும். தாய்மரத்தில் அடையாளமே தெரியாது. அது பச்சைப் பசேலென்று நின்று காய்க்கும். அதன் பிள்ளைகள்தான் குள்ளமாகும். மருந்து கிடையாது. பிடுங்குவது ஒன்றுதான் வழி.

விவசாயி டீ குடித்துவிட்டுப் போன பிறகு தங்கையைக் கேட்டேன்.

"கத்தியை எதுல நனைக்கிறே?"

"பிளீச்சிங் தண்ணியிலதான். நீதானே சொன்னே. மரத்துக்கு மரம் முக்கித்தான் எடுக்கிறேன். கையப் பாரு, எப்படிப் பொரிஞ்சு கீது."

"ஒரு நாள்கூட விடாம?"

"ஒரு நாள்கூட விடாம." கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "பூஜை கத்தியை எப்படிண்ணா முக்கறது? அது சாமி கத்தி."

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜைக்குக் கத்தி, கடப்பாரை, மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துப் படத்தின் முன்னால் பரப்புவோம். தங்கை வீட்டுப் பூஜை பெரியது. சுற்றுத் தோட்டத்துக்காரர்களும் கிளை கழிக்கும் கவாத்துக் கத்திகளைக் கொண்டுவந்து அதே பலகையில் வைப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ராத்திரி முழுக்கக் கிடக்கும். மறுநாள் விஜயதசமி காலையில் தங்கை தன் ஒட்டுக் கத்தியை எடுத்து, குங்குமம் அழியாமல் நேராகப் போய் ஈசானி மூலையில் நிற்கும் தாய்மரத்தில் முதல் வெட்டு வெட்டுவாள். அந்த வருடத்து மொட்டுக்கட்டு அதோடு தொடங்கும். சாமி முன்னால் வைத்த கத்தியை பிளீச்சிங் வாளியில் விடுவது அவள் கணக்கில் சாமியையே வாளியில் விடுவது மாதிரி.

வருடம் முழுக்க அவள் கத்தி சுத்தம். மிக நல்ல நாளில் மட்டும் இல்லை. அவள் பண்ணைக்கு எத்தனையோ ஆய்வாளர்கள் வந்து பிளீச்சிங் வாளியைப் பார்த்துத் திருப்தியோடு போயிருக்கிறார்கள். விஜயதசமியன்று ஒருவரும் வந்ததில்லை. அரசாங்க விடுமுறையில் ஆய்வு நடந்ததாகச் சரித்திரம் கிடையாது.

மாதிரி அனுப்பியே ஆக வேண்டும் என்றேன். "அனுப்பிட்டா?" என்றாள். பதில் வரும்வரை ஒரு கன்றும் வெளியே போகக் கூடாது என்றேன். போன விஜயதசமிக்குக் கட்டிய மொட்டுகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. ஆடி மழைக்கு அத்தனைக்கும் ஆள் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் அந்த வரிசைகளைப் பார்த்தாள்.

"ஒரு மாசம்தானே?"

"விதி அப்படித்தான் சொல்லுது."

வைகாசியில் இளம் ஆய்வாளர் ஒருவர் வந்தார். ஐந்து மரத்திலும் இலை பறித்து, தனித்தனி உறையில் போட்டு, முத்திரை வைத்து, ஐஸ் பெட்டியில் எடுத்துப் போனார். நான் பக்கத்தில் நின்று அவர் செய்யாத தவறுகளையும் திருத்தினேன். தனியார் ஆய்வகத்தில் கொடுத்தால் சீக்கிரம் வரும் என்று மச்சான் சொன்னார். அந்தத் தாள் விதியின்படி செல்லாது என்று அவரை அடக்கிவிட்டேன்.

ஆனி முடிந்தது. பதில் இல்லை. மாவட்டம் இரண்டான பிறகு இந்தப் பண்ணையின் பழைய பதிவு ஒரு ஊரிலும், புதிய எல்லைக்கான அலுவலகம் இன்னொரு ஊரிலும் இருந்தன. இரண்டுக்கும் போனேன். இரண்டு அலுவலகங்களுக்கும் பேர் சொல்ல வேண்டியதில்லை. இரண்டிலும் மின்விசிறி ஒரே மாதிரிதான் சத்தம் போட்டது. முதல் அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பழைய மரியாதை. "சார், மீகு தெலியனிதா? ஃபைல் அக்கட உந்தி சார்," என்று, எனக்குத் தெரியாததா என்பதுபோல், ஃபைல் இருக்கும் அடுத்த ஊரைக் கை காட்டினார். அடுத்த ஊரில் இருந்தவர் எழுந்து நிற்கவில்லை. ஆய்வகத்திலிருந்து எதுவும் வரவில்லை, வந்தால் கம்ப்யூட்டரே அனுப்பிவிடும் என்றார். எப்போது என்று கேட்டேன். "தானிகே தெலுசு சார்," என்றார். அதற்கே தெரியுமாம்.

ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. பைக் கன்று காத்திருக்கும் ஜாதி இல்லை. ஆணிவேர் பையின் அடியைத் தொட்டதும் வளையத் தொடங்கும். சுருண்ட வேரோடு நட்ட மரம் நாலு வருடம் நின்றுவிட்டு ஒரு காற்றில் சாயும். தங்கை ஒரு பையைக் கிழித்து எனக்குக் காட்டினாள். வேர் திரும்பியிருந்தது.

சத்தியவேட்டுக்காரர் மறுபடி வந்தார். குள்ள மரங்களைப் பிடுங்கிக் குழி தோண்டிவிட்டாராம். "குடுக்கிறியா இல்லியா அக்கா? இல்லன்னா பலமனேர் ரோட்டுல லாரி நிக்குது. அவன் விதியும் கேக்கல, சதியும் கேக்கல. கைய நீட்டினா கன்னு."

"அது எந்த மரத்துக் கன்னுன்னு அவனுக்கே தெரியாது," என்றேன்.

"உங்களுக்கு மட்டும் தெரியுமா சார்? தெரிஞ்சா சொல்லுங்க, குழியில தண்ணி நிக்குது."

அவர் கேட்டது நியாயம். நான் விதியைத் திரும்பச் சொன்னேன். தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"அந்த விதியைக் கூட்டிக்கினு வாண்ணா. வந்து இதுங்க வேரைக் கொஞ்சம் நிமுத்தச் சொல்லு."

அதற்குப் பிறகு இரண்டு நாள் என் போனை அவள் எடுக்கவில்லை. மூன்றாம் நாளே ரயில் ஏறிப் போனபோது ஈசானி மூலை மரத்தின் கன்றுகளை மட்டும், அந்த வரிசை முழுவதையும், பையைக் கிழித்து எரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் பேர் சொல்லிக் கேட்கும் கன்றுகள் அவைதான். கண்ணைக் கசக்கிக்கொண்டு புகையைத் திட்டினாள்.

"அது ஒண்ணுதான் சாமி கத்தி பட்ட மரம். மீதி நாலும் வாளியில முக்கின கத்தி. நாலு வரிசையும் குடுக்கப் போறேன்."

சட்டப்படி அது குற்றம். அவளிடம் அதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அப்படியானால் எந்தக் கன்று எந்த மரத்துடையது என்று பிறகு தெரியவாவது வேண்டும் என்றேன். அதற்கு ஒப்புக்கொண்டாள். வரிசைக்கு ஒரு வர்ணம். தண்டில் ஒரு வளையம். நாற்றுப்பண்ணைகளுக்குத் தடை உத்தரவு எழுதிய கையில் பெயின்ட் டப்பாவோடு நான் நாள் முழுக்கக் குனிந்து நின்றேன். வாசலை ஒட்டிய மரத்துக்கு மஞ்சள், நடுவில் இருந்த இரண்டுக்கும் வெள்ளையும் நீலமும், ஈசானிக்கு நேர் எதிரே தென்மேற்கில், கன்னி மூலையில் நின்ற மரத்துக்குப் பச்சை. வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் பதில் இன்னும் வரவில்லை என்று அவளே சொன்னாள். ஒருவரும் திரும்பிப் போகவில்லை. சத்தியவேட்டுக்காரர் பச்சை வளையம் போட்ட வரிசையை முழுசாக ஏற்றிக்கொண்டார். மச்சான் டெம்போவை எடுத்தார்.

இரண்டு தப்பில் எது பெரியது என்று அதன் பிறகு பல நாள் யோசித்தேன். விதியை மீறி நல்ல கன்று கொடுப்பதா, விதியைக் காப்பாற்றி லாரிக்காரனிடம் தள்ளிவிடுவதா? பணியில் இருந்தபோது இரண்டாவதை நான் தப்பு என்று நினைத்தே பார்த்ததில்லை. கேட்டுக்கு வெளியே நடப்பது வேறு பிரிவின் வேலை. இப்போது எனக்குப் பிரிவு எதுவும் இல்லை. ஆனாலும் அவளுடைய கணக்கிலும் ஏதோ ஒன்று எனக்கு உறுத்தியது. பதில் என்பது பூட்டைத் திறக்க மட்டும் எழுதப்படுவதில்லை. நமக்குத் தெரியாததையும் அது சொல்லலாம்.

ஆயுத பூஜை வந்தது. தங்கை பிளீச்சிங் வாளியையும் கழுவி, அதற்கும் மூன்று பொட்டு வைத்துப் படத்தின் முன்னால் நிறுத்தினாள். வாளியும் ஆயுதம்தானாம். பொட்டு வைத்த வாளியில் பொட்டு வைத்த கத்தியை விடுவதில் அவளுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. இந்த யோசனை என் விதிப்புத்தகம் எதிலும் இல்லை என்று சொன்னேன். "எழுதிக்கோ," என்றாள்.

மறுநாள் காலை கத்தியை வாளியில் முக்கி எடுத்துக்கொண்டு வலைக்கூடத்துக்குள் போனாள். நான் பின்னால் போனேன். ஈசானி மூலை மரத்தைக் கடந்தாள். ஆய்வகப் பதில் வரும்வரை அதை வெட்டக் கூடாது என்று சிவப்புத் துணி கட்டியிருந்தோம். நேராகக் கன்னி மூலைக்கு நடந்தாள்.

"இந்த மரத்துல ஏன்?" என்றேன்.

"அது இல்லன்னா இதுதானேண்ணா. வருஷா வருஷம் முடிக்கிறது இங்கதானே."

"முடிக்கிறதுன்னா?"

"ஈசானியில ஆரம்பிச்சா அதே கத்தியால அப்பவே கன்னி மூலையில ஒரு வெட்டு வெட்டி முடிச்சாத்தானே ஆகும்? அப்பால தானே கத்தி வாளிக்கு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். நான் முதல் வெட்டைப் பற்றித்தான் கேட்டிருந்தேன். கடைசி வெட்டைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் அது இரண்டு வெட்டாகத் தோன்றியதில்லை. ஒரே பூஜையின் இரண்டு முனைகள். கத்தியை மரத்தில் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பச்சை," என்றாள்.

வீட்டுக்குள் போய் உட்கார்ந்தோம். சுண்டலை யாரும் தொடவில்லை. மத்தியானம் அவள் போன் மணி அடித்து ஓய்ந்தது. மச்சான் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். கையெழுத்து இல்லாத, கம்ப்யூட்டர் தானே அனுப்பிய பதில். ஐந்து மாதிரிகள், மூன்றில் நோய் இல்லை, ஈசானி மூலை மரத்திலும் கன்னி மூலை மரத்திலும் உண்டு, கன்றுகளை வெளியே அனுப்ப வேண்டாம்.

தங்கை போனை வாங்கிச் சத்தியவேட்டுக்கு அடித்தாள்.

"தம்பி, நான்தான். பச்சை வளையம் போட்டதுல கத்தி வெக்காதே. கவாத்து, கிவாத்து ஒண்ணும் வேணாம். நாளைக்கு நானும் அண்ணனும் வரோம். நானே புடுங்கிட்டு வேற கன்னு நட்டுக் குடுக்கிறேன்... ஆமா, அத்தினியும்... திட்டு, நல்லாத் திட்டு. நாளைக்கு வந்து மீதியக் கேட்டுக்கிறேன்."

ஆய்வகத்தின் பதில் வந்தது விஜயதசமியன்று. எல்லா அலுவலகங்களுக்கும் விடுமுறை.