தலை வலித்தால்

நேபாள மலைப்பாதையில் நடக்க வேண்டுமென்றால் டாக்டர் சான்றிதழ் வேண்டுமாம். காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் திருச்சியில் இறங்கி, தில்லைநகர் கிளினிக் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வயது அறுபத்தொன்று. டாக்டரம்மா என்னை இரண்டு மாடி ஏறி இறங்க வைத்து, நாடி பிடித்துப் பார்க்கிறார்.

"பரவாயில்லீங்க. மேல போனதும் தலை வலிச்சா என்ன பண்ணுவீங்க?"

"மாத்திரை போட்டுக்கிட்டு ஏறிடுவேன்."

அவர் பேனாவை மூடிவிடுகிறார். "அந்த உயரத்துல தலைவலி உயிருக்கே ஆபத்தாகலாம், அங்க ஆஸ்பத்திரியும் கிடையாதுங்க. இறங்கிடுவேன்னு சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்."

பத்து வருடமாக ஏற நினைத்த மலை.

"இறங்கிடுவேன், டாக்டர்."

கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டுகிறார். "வந்ததும் போட்டோ காட்டுங்க. பாதி வழியில எடுத்ததா இருந்தாலும் சரி."