மெத்தைக் கடையில் வந்த தூக்கம்

தூக்கம் வராதவர்களுக்காக ஒரு வலைப்பூ நடத்திவந்தார் அவர். அதற்குக் 'கொட்டக் கொட்ட' என்று பெயர் வைத்திருந்தார். வாசகர்கள் அவரைக் 'கொட்டக்கொட்ட சார்' என்றே அழைத்தார்கள். நாளடைவில் அடுக்ககத்துக் காவலாளிகூட அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அதற்கு முன்னால் அவர் ஒரு டைல்ஸ் கடையில் கணக்காளராக இருந்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, காரணமே இல்லாமல் தூக்கம் அவரைவிட்டுப் போனது. மாத்திரை, மூச்சுப் பயிற்சி, வெந்நீரில் கால் வைப்பது என்று யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தார். பக்கத்தில் மனைவி நிம்மதியாகத் தூங்க, இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒருநாள் ஒரு பில்லில் ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்டுவிட்டார். முதலாளி கோபப்படவில்லை. "கொஞ்ச நாள் வீட்ல இருந்து ரெஸ்ட் எடுங்க" என்றார். அதை விடுமுறை என்று நம்பித்தான் இவர் வீட்டுக்கு வந்தார். திரும்பப் போனபோது அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து தலைநிமிராமல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

வேறு வேலையில்லாததால்தான் வலைப்பூவை ஆரம்பித்தார். அதில் அவர் யோசனை எதுவும் சொல்வதில்லை. விழித்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்பதை மட்டும் எழுதினார். தலையணையின் குளிர்ந்த பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேடுவதைப் பற்றி எழுதினார். நாளைக்கு எப்படி வேலை செய்வோம் என்ற பயமே தூக்கத்தை விரட்டுவதைப் பற்றி எழுதினார். படித்தவர்கள் "என் கதையை அப்படியே எழுதிட்டீங்க" என்று பதில் போட்டார்கள். கூட்டம் சேர்ந்தது. வாரம் ஒரு தனி மடல் அனுப்புவதாகச் சொல்லிச் சந்தா வைத்தார். ஒரு மெத்தைக் கடைக்காரர் அவராகவே தேடிவந்து, பக்கத்தின் வலதோரத்து இடத்தை மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டார். மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். மகள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். சந்தாவும் விளம்பரமும் சேர்ந்து ஒருவழியாகக் குடும்பம் தள்ளாடாமல் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் படுக்கையறைக் கூரை ஒழுக ஆரம்பித்தது. கட்டிலைத் தூக்கி, பெட்டிகளும் பழைய மின்விசிறியும் கிடந்த உள்ளறையில் போட்டார்கள். அதற்கு ஜன்னல் கிடையாது. கூடத்து விளக்கின் வெளிச்சம் மட்டும் கதவுக்கடியில் ஒரு கோடாக வரும். முதல் நாளே அவர் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். மறுநாளும் தூங்கினார். காரணம் அவருக்கும் தெரியவில்லை, மருத்துவருக்கும் தெரியவில்லை.

சந்தோஷம் தாங்காமல் அதையே அந்த வார மடலாக எழுதி அனுப்பினார். நாலு பேர் வாழ்த்தினார்கள். ஒரே வாரத்தில் சந்தாதாரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். "நல்லா இருங்க. இனிமே எங்க கஷ்டம் உங்களுக்குப் புரியாது" என்று ஒருவர் எழுதிவிட்டுப் போனார். அதில் கோபம் இல்லை, அதனால்தான் அதிகம் சுட்டது. பிறகு மெத்தைக் கடைக்காரர் போன் செய்தார்.

"என்ன சார், தூங்கிட்டேன்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார். எனக்கே நம்ப முடியல."

"சந்தோஷம்தான். ஆனா நீங்க தூங்கிட்டா உங்க பக்கத்துக்கு எவன் சார் வருவான்? அவன் வரலைன்னா என் மெத்தையை யாரு பார்ப்பா? பார்த்துச் செய்யுங்க."

அவர் பார்த்துச் செய்தார். 'அந்த இரண்டு நாளோடு சரி, தூக்கம் மறுபடியும் கைவிட்டுவிட்டது' என்று அடுத்த மடலில் எழுதினார். எழுதும்போது கை கூசியது. அனுப்பிய பிறகு கொஞ்சம் குறைந்தது. போனவர்களில் சிலர் திரும்பி வந்தபோது, கூச்சத்தை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டார்.

ஆனால் தூங்குகிற மனிதன் தூங்காததைப் பற்றி எத்தனை வாரம் எழுதுவான்? சரக்கு தீர்ந்துபோயிற்று. பழையதையே புரட்டிப் புரட்டிப் போட்டார். அப்போது ஒரு காலையில், சமையலறைக்குள் சிவந்த கண்களோடு வந்து நின்றாள் மனைவி.

"ராத்திரி தூங்கலையா?"

"எங்க தூங்குறது? ரம்பம் வச்சு அறுக்குற மாதிரி குறட்டை விட்டா? நாற்காலியில கிடந்த உங்க சட்டை யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்துச்சுங்க. அது என்னைப் பார்த்துப் பாவம்னு நெனைக்கிற மாதிரி தோணிச்சு. எழுந்து போய் அதை மடிச்சு வச்சுட்டு வந்து படுத்தேன். அப்புறம் அது இல்லாம வெறிச்சுனு ஆகிப்போச்சு."

அவர் தேநீரை ஆற்றிக் கொடுத்தார். அவள் வேலைக்குக் கிளம்பியதும் அந்தச் சட்டையை அப்படியே எழுதினார், தன் அனுபவமாக. அந்த மடலுக்கு வந்த அளவுக்குப் பதில்கள் அதற்கு முன்னால் எதற்கும் வந்ததில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவரே எழுந்து தேநீர் போட்டார். மனைவியை உட்காரவைத்து, ராத்திரி எப்படிப் போயிற்று என்று விசாரித்தார். அவள் சொல்வாள். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தத்தை வைத்தே எந்த மாடிக்காரர் வருகிறார் என்று கண்டுபிடிப்பதைச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் தன்னோடு படித்தவர்களின் வருகைப்பட்டியலை மனதுக்குள் ஒப்பித்ததையும், பாதியில் ஒரு பெயர் மறந்துபோய் அழுகை வந்ததையும் சொன்னாள். எல்லாம் வலைப்பூவுக்குப் போயிற்று. அவள் அதைப் படிப்பதில்லை. நாள் முழுக்க மருத்துவமனைக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வருகிறவள், வீட்டில் இன்னொரு திரையைப் பார்க்கப் பிடிக்காது என்பாள்.

ஒருநாள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல இப்பதான் என்னை உட்கார வச்சு விசாரிக்கிறீங்க. எங்க டாக்டரம்மாகிட்டகூடச் சொன்னேன், எங்க வீட்டுக்காரர் மாறிட்டாருன்னு."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டார். ஆனாலும் அன்றைக்கும் எழுதினார்.

மெத்தைக் கடைக்காரர் புதிதாக ஒரு கிளை திறந்தார். கடையிலேயே வாசகர் சந்திப்பு வைக்கலாம் என்றார். இவர் உடம்பு சரியில்லை, வேலை இருக்கிறது என்று என்னென்னவோ சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தார். கடைக்காரர் விடவில்லை. மனைவியும் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மதியம் போனார்கள். கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு இருபது பேர் போல வந்திருந்தார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்க இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்றார். அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் அவர் நெளிந்தார்.

பேச்செல்லாம் முடிந்ததும் புகைப்படம். கடையிலேயே விலை உயர்ந்த மெத்தையில் அவரைப் படுக்கச் சொன்னார்கள். "கண்ணை மூடுங்க சார்... அப்படியே இருங்க" என்றார் புகைப்படக்காரர். சாப்பிட்ட வயிறு, ஏசி, மேலே மங்கலான விளக்கு. அவர் அப்படியே இருந்தார்.

கைதட்டல் கேட்டுத்தான் கண்விழித்தார். தலைமுடி ஒருபக்கமாகத் தூக்கி நிற்க, கடைவாயில் எச்சில் ஒழுக எழுந்து உட்கார்ந்தார். குறட்டையும் விட்டிருக்கிறார். கடைக்காரர் பரவசத்தில் கத்திக்கொண்டிருந்தார். "பார்த்தீங்களா! எத்தனை வருஷமா கண்ணை மூடாத மனுஷன்! என் மெத்தையில குறட்டை விட்டுட்டாரு!"

வாசகர்கள் உண்மையாகவே அழுதார்கள். ஒருவர் அங்கேயே மெத்தைக்கு முன்பணம் கட்டினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வரிசையில் நின்றார்கள், தொலைபேசி அம்மாவும்தான். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்திவிடலாம். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். யாரோ அவரோடு செல்ஃபி எடுத்தார்கள். சிரித்தும் வைத்தார்.

கூட்டத்தில் மனைவியைத் தேடினார். அவள் கடைசி நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை.

திரும்பும்போது பேருந்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். டிக்கெட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டுப் பேசினாள்.

"நீங்க தூங்கிட்டிருந்தப்போ அந்த அம்மா என் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. நாற்காலியில கிடந்த சட்டையைப் பத்தி எழுதியிருந்தீங்களாம். அதைச் சொல்லிட்டுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"லிஃப்டையும் சொன்னாங்க. நான் பேர் மறந்துட்டு அழுததையும் சொன்னாங்க. நீங்க அழுததா."

"அது வந்து... வீட்டு நிலைமை உனக்கே தெரியும்..."

"வித்தது போகட்டும்ங்க. நான் தூங்கலைன்னு உங்களுக்கு ஒவ்வொரு நாளும் தெரியும். எதனால தூங்கலைன்னும் தெரியும். தெரிஞ்சும் அதே கட்டில்ல வந்து படுத்தீங்க. கூடத்துல போய்ப் படுக்கலாம்னு ஒரு நாளாவது தோணிச்சா?"

தோன்றியிருந்தது. அதைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை. பாயைக்கூட ஒருமுறை கையில் எடுத்திருக்கிறார். இவள் தூங்கிவிட்டால் அடுத்த வாரத்துக்கு என்ன எழுதுவது என்று நினைத்து, எடுத்த பாயைத் திரும்பச் சுருட்டி வைத்திருக்கிறார். பதில் வராததிலிருந்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தபோது அவரை எதிர்பார்க்காமல் முன்னால் இறங்கிப் போனாள்.

அன்றிலிருந்து கூடத்தில் படுத்தார். மறுநாள் கடைக்காரரிடம் போய் நடந்ததையெல்லாம் சொல்லி, மெத்தைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"வித்த மெத்தையை நான் எப்படி சார் எடுப்பேன்? யாராவது புகார் சொன்னாங்களா? நீங்களா ஏன் சார் சொந்த வீட்டுக்குத் தீ வச்சுக்கிறீங்க?"

"பொய் சார் அது."

"நீங்க தூங்கினது பொய்யா? நான் என் கண்ணால பார்த்தேனே."

வீட்டுக்கு வந்து, நடந்ததை வலைப்பூவில் எழுதினார். தனக்குப் பல மாதமாகவே நன்றாகத் தூக்கம் வருகிறது, எழுதியதெல்லாம் இன்னொருவர் பட்ட பாடு, மெத்தைக்கும் தன் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று மூன்று பத்தியில் முடித்தார். அந்த இன்னொருவர் யார் என்று எழுதுவதற்கு முன்னால் மனைவியிடம் கேட்டார். "என்னை அதுல இழுக்காதீங்க" என்றாள். "வேணும்னா நீயே எழுதேன், உனக்கு நல்லா வருது" என்று சொல்லிவிட்டு, சொன்ன நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எனக்குத் தூங்கணும். எழுத வேண்டாம்" என்றாள் அவள்.

திட்டி வந்த மெயில்களை ஒன்று விடாமல் படித்தார். திட்டாமல் சந்தாவை நிறுத்திவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். விளம்பரம் அன்றைக்கே போயிற்று. தொலைபேசி அம்மாவிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. முகவரி சந்தா விவரத்தில் இருந்தது. தேடிக்கொண்டு போனார்.

இரண்டாவது மாடி. கதவைத் திறந்த அம்மா உள்ளே வரச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால், சுவரில் சாய்த்து வைத்த மெத்தை உறைகூடப் பிரிக்காமல் நின்றது.

"மன்னிச்சிருங்கம்மா. மெத்தைக் காசை நான் கொஞ்சம் கொஞ்சமா..."

"மெத்தை கிடக்கட்டும் தம்பி." குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "நான் தனி ஆளு. ராத்திரி முழிப்பு வந்தா பயந்துக்கிட்டு வீட்டு லைட்டையெல்லாம் போட்டு வைப்பேன். உங்களைப் படிக்க ஆரம்பிச்ச பிறகு போடுறதில்ல. இந்த நேரத்துல அந்தத் தம்பியும் எங்கயோ முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்னு நெனச்சுக்குவேன். தைரியமா இருக்கும். அப்போல்லாம் நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

அவர் தலை குனிந்தபடி நின்றார்.

"இப்ப நான் யாரை நெனச்சுக்கிறது, சொல்லுங்க?"

அவர் கைகூப்பினார். "சரி, போங்க" என்று அந்த அம்மா கதவைச் சாத்தினார். படியிறங்கும்போது எதிரே வந்தவர் வணக்கம் சொன்னதற்குக்கூட அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இந்த மானக்கேட்டுக்கு அன்றைக்காவது தூக்கம் கெட்டுப்போகும் என்று நினைத்தார். கெடவில்லை. படுத்ததும் தூங்கிப்போனார், விடிந்ததும் அதை நினைத்து மறுபடியும் கூசினார்.

பிறகு ஒரு பெயின்ட் கடையில் பில் போடுகிற வேலை கிடைத்தது. பழைய சம்பளம் இல்லை, ஆனாலும் போனார். குறட்டைக்காக மூக்கைப் பரிசோதித்த மருத்துவர் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, சொட்டு மருந்து கொடுத்தார். சத்தம் பாதிதான் குறைந்தது. வலைப்பூவை அவர் மூடவில்லை, எழுதவும் இல்லை. மகள் விடுமுறைக்கு வந்தபோது, "அப்பா ஏன் கூடத்துல படுக்கிறாரு?" என்று கேட்டாள். "அவரையே கேளு" என்றாள் அம்மா. அவர் மகளிடமும் முழுதாகச் சொன்னார். மகள் நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, எழுந்து போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மகள் விடுதிக்குத் திரும்பிய மறுவாரம், ஒரு காலையில் உள்ளறைக் கதவு திறக்கவே இல்லை. அவர் குளித்து, சாப்பிட்டு, கடைக்குக் கிளம்பித் தயாராகிவிட்டார். கதவருகே போய்க் காது கொடுத்தார். சீரான மூச்சு. தட்டுவதற்குத் தூக்கிய கையை இறக்கிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

திடீரென்று கதவு படாரென்று திறந்தது. மனைவி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"ஐயோ, மணி என்ன ஆச்சு! ஏங்க, எழுப்பக் கூடாதா?"

"நல்லாத் தூங்கிட்டிருந்த..."

"டாக்டரம்மா கொன்னுடுவாங்க! சீப்பு எங்க? குளிக்கக்கூட நேரமில்ல. மரம் மாதிரி நிக்காம அந்தப் பையை எடுத்துக் கொடுங்க."

எடுத்துக் கொடுத்தார். அவள் வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு, முகத்தில் தலையணைச் சுருக்கத்தின் தடத்தோடு படியில் இறங்கி ஓடினாள். அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அன்றைக்கு அவரும் தாமதம்தான்.