கொட்டாஞ்சேனைத் தியேட்டரில் நான் வாசித்த பெயர்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்தத் தியேட்டர் படம் ஓட்டிய காலத்தை நான் அரைகுறையாகத்தான் அறிவேன். கீழே கலரியில் நிறைய மூட்டைப்பூச்சி, மேலே பல்கனியில் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். எண்பத்துமூன்று கலவரத்தில் முன்பக்கமும் திரையும் எரிந்துபோயின. முதலாளி சுவரைக் கட்டினார், திரையை வாங்கவில்லை. அதற்குள் வீட்டுக்கு வீடு வீடியோ டெக் வந்துவிட்டது. திரை இருந்த இடத்தில் பலகை மேடை போட்டு இசைக்குழுக்களுக்கு வாடகைக்கு விட்டார். படம் ஓட்டிய அறையில் ஒலிபெருக்கிக்காரர் குடியேறினார்.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு நிகழ்ச்சி. ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும். சோதனைச் சாவடிகளைத் தாண்டி எல்லோரும் வீடு சேர வேண்டுமே. நானும் வெள்ளவத்தையிலிருந்து அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். என் வேலை அறிவிப்பு. வாசலில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். விரும்பிய பாட்டையும், அது யாருக்காக என்பதையும் துண்டில் எழுதிப் போடுவார்கள். நான் எடுத்து வாசிப்பேன். என் குரலைப் பற்றி அப்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

"பேரு மட்டும் வாசிங்கம்மா. ஊரு, லொட்ஜு ஒண்ணும் வேணாம். பின்னால யாரு உக்காந்திருக்காங்கன்னு நமக்குத் தெரியாது."

அதில் நியாயம் இருந்தது. வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் விசாவுக்குக் காத்திருந்தவர்கள்தான் சபையில் பாதிப்பேர். சிவில் உடுப்பில் பொலிஸும் வரும், பாட்டுக்குக் கைதட்டவும் செய்யும். ஆனால் வார நாட்களில் நான் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் காணாமல் போனவர்களின் மனுக்களை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பெயர், தகப்பன் பெயர், ஊர், கடைசியாகத் தங்கிய முகவரி. ஒன்று விடுபட்டாலும் அவர் தாளைத் திருப்பி எறிவார். அதே விவரங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் விழுங்கினேன். அதைப் பற்றி நான் பெரிதாக யோசிக்கவும் இல்லை.

ஒரு ஞாயிறு, நிகழ்ச்சி தொடங்குமுன் ஒரு அம்மா கையில் துண்டோடு மேடைக்குப் பின்னால் வந்தார். லொட்ஜில் நடந்த சுற்றிவளைப்பில் அவருடைய மகனைப் பிடித்திருந்தார்கள். விட்டுவிட்டோம் என்று பொலிஸ் சொன்னதாம். மகனோ லொட்ஜுக்குத் திரும்பவில்லை.

"பாட்டெண்டா அவனுக்கு உயிர். வெளியில நிண்டா இங்க வராமல் இருக்கமாட்டான். ஊரையும் சேர்த்து வாசி, பிள்ளை."

"ஊர் வாசிக்க விடமாட்டினம், அம்மா. பேரை வாசிக்கிறன்."

"பேரை மட்டும் கேட்டு அவனுக்கு எப்பிடி விளங்கும்?"

துண்டை வாங்கி டின்னில் போட்டேன். அவருடைய துண்டு வந்தபோது பெயரை மட்டும் வாசித்து, அம்மாவின் விருப்பம் என்றேன். எங்கள் ஆட்களில் அந்தப் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும்.

பல்கனியில் ஒரு பொடியன் எழுந்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். கூட்டாளிகள் விசிலடித்தார்கள். முன்வரிசையிலிருந்த அம்மா செருப்பைக்கூடப் போடாமல் படியேறி ஓடினார். பாட்டு தொடங்கிவிட்டது. அவர் அவனுடைய தோளைப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்தார். அவன் சிரித்தபடி நின்றான், பிறகு கைகளைக் கீழே போட்டான். பாட்டு முடிவதற்குள் அம்மா இறங்கி வந்து, கதிரைக்கு அடியில் செருப்பைத் தேடினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த ஞாயிறு அதே கையெழுத்தில் அதே துண்டு டின்னில் கிடந்தது. பெயர், தகப்பன் பெயர், ஊர், லொட்ஜ், எல்லாவற்றையும் மனுவில் அடிப்பதுபோல வரிசையாக வாசித்தேன். மேடையோரம் நின்று முதலாளி நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். நான் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவும் இல்லை.

அம்மா எழுந்து பல்கனிப் பக்கம் திரும்பி நின்றார். இந்த முறை ஒரு கையும் உயரவில்லை.