கனடா அண்ணா தந்த லப்டொப்

போன மாதம் கோயில் திருவிழாவுக்கு வந்த அண்ணா, கனடாவுக்குத் திரும்பும்போது தன் பழைய லப்டொப்பை எனக்குத் தந்துவிட்டுப் போனார். "தன்ர லப்டொப்பையே தங்கச்சிக்குக் குடுத்திட்டான்" என்று அம்மா எங்கள் ஒழுங்கை முழுக்க வீடு வீடாகச் சொல்லி முடித்தார்.

லப்டொப்பை ஓன் பண்ணிவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி குடித்து, கோப்பையும் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அண்ணாவுக்குச் சொன்னேன். "நீ கண்டதையும் ஏத்தி வைச்சிருப்பாய். என்னட்டை இருக்கேக்க நல்லா ஓடினது" என்றார்.

இன்று கிளிநொச்சியில் ஒரு கடையில் திருத்தக் கொடுத்தேன். போன மாதம் மகன் தந்தது என்று அம்மா அங்கேயும் சொன்னார். கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, இதில ரண்டு RAM மெமரி காட் இருக்கவேணும். ஒண்டைக் காணேல்லை, அதுதான் இப்பிடி இழுக்குது. உள்ளுக்கு எல்லா இடமும் தூசி, அந்த இடம் மட்டும் பளிச்செண்டு கிடக்கு. தர முதல்தான் கழட்டியிருக்கினம்."

பக்கத்தில் நின்ற அம்மா, "அவனுக்கு அங்க என்ன கஷ்டமோ" என்றார்.

வருகிற கிழமை அண்ணாவுக்குக் கறித்தூள் பார்சல் போகிறது. அம்மா வறுத்துத் தருவதை மில்லுக்குக் கொண்டுபோவது நான். நானும் ஒன்றைக் கழற்றிவிட்டுத்தான் அனுப்பப் போகிறேன். மிளகாயா, மல்லியா? நீங்களே சொல்லுங்கள்.

உறைக்கவில்லை என்று அவர் போன் எடுத்தால் பதில் இருக்கிறது.

"நீங்கள் கண்டதையும் போட்டுச் சமைச்சிருப்பியள், அண்ணா. இஞ்ச இருக்கேக்க நல்லா உறைச்சது."