குடைக்கு விழுந்த ஒரே ஓட்டு

ஆந்தெனோர் எங்கள் ஊரில் முடி வெட்டுகிறவர். கல்யாணம் ஆகாத மனுஷன். தினமும் கால்சட்டையை மடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கி என் ரொட்டி அடுப்புக்கு வருவார். ஒரே ஒரு ரொட்டிதான் வாங்குவார். எங்கள் டொமினிக்காத் தீவில் முதன்முதலாக எல்லாருக்கும் ஓட்டு என்றார்களே, அந்த வருஷம் சட்டசபைக்கு நின்றார். ஆற்றுக்குப் பாலம் கொண்டுவருவாராம். சின்னம் குடை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தவனெல்லாம், "உங்களுக்குத்தாண்ணே போடுவேன்" என்றான். கத்தி கழுத்தில் இருக்கும்போது எவன் மாட்டேன் என்பான்? எதிர்த்து நின்ற கஸ்தோன் எலுமிச்சைத் தோட்டத்து முதலாளி. ரம்மும் கருவாடும் இறக்கினான். எங்கள் ஊர்ப் பெட்டியைத் திறந்தால் குடைக்கு ஒரே ஒரு ஓட்டு.

"நீங்களே போட்டுக்கிட்டதா?" என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

"தன் பேருக்குத் தானே போட்டுக்கிறது என்ன மரியாதை? நான் கஸ்தோனுக்குப் போட்டேன். அந்த ஒண்ணு யாரோ மனசாரப் போட்டது, பிலோமென். யாருன்னு தெரிஞ்சா போதும் எனக்கு."

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பின்னால் ரொட்டிக்கு ஜனம் நின்றது, வெட்கம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன், பாவி.

மறுநாளே மீன்காரன் ஒக்தாவ் நாற்காலியில் ஏறி, "அந்த ஓட்டு நான்தாண்ணே" என்றான். அவனுக்கு ஓசியில் சவரம். அவ்வளவுதான், ஊரே படையெடுத்தது.

"அத்தனையும் புளுகு. உங்களுக்குத் தெரியலையா?" என்று கத்தினேன்.

"தெரியுது. ஆனா அதுல ஒருத்தர் நிஜமா இருந்துட்டா? அவரைப் போய் எப்படி அவமானப்படுத்துறது?"

அந்தப் புளுகன்கள் வரிசையில் நானும் போய் நிற்பதா? ரோஷம் விடவில்லை. பதினோரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. பாலமும் வேண்டாம் கீலமும் வேண்டாம், அந்த மனுஷனுக்காகத்தான் போட்டேன். அதை எவளிடம் போய்ச் சொல்ல?

போன மாதம் மூன்று நாள் அவர் ரொட்டிக்கு வரவில்லை. நானே எடுத்துப் போனேன். காய்ச்சலில் கிடந்தார். ஊருக்கெல்லாம் மழித்தவர் முகத்தில் மூன்று நாள் நரைத்தாடி. தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அந்த ஓட்டு நான் போட்டது."

அவர் சிரித்தார். "உனக்கு எதுக்கும்மா இந்தப் பொய்? உனக்குத்தான் சவரமே வேண்டாமே."

ரொட்டியை மேசையில் வைத்தேன். சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லிவிட்டு, ஆற்றில் இறங்கி வீட்டுக்கு வந்தேன்.